சுடாத கை

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் கணவருக்கு மேஜிக் பைத்தியம் முற்றியது. அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். விடுமுறை நாட்களில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் கொடை என்று மேடையேறுவார். அவருக்குப் போட்டி ஒரே ஒருவர்தான், அச்சாபீஸில் மிஷின் ஓட்டியவர். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒருவர் மேடையில் நின்றால் மற்றவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கை மட்டும் தட்டமாட்டார்.

அந்த ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் அச்சாபீஸ்காரர் வெறும் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, அது எரிந்து தானாக அணையும்வரை சிரித்தபடி நின்றார். ஆத்தா கொடுத்த வரம் என்று சனம் கும்பிட்டது. என் கணவர் வீடு வந்தும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் அடுப்படியில் சூடம் எரிந்தது. படிகாரம் தடவினார், கற்றாழைச் சாறு தடவினார், முட்டை வெள்ளையைப் பூசிக் காயவைத்தார். ஒன்றுக்கும் தீ அடங்கவில்லை. கொப்புளித்த கையோடு உட்கார்ந்திருந்தவருக்கு நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன்.

தை மாசம் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அச்சாபீஸ்காரருடன் கைகுலுக்கும்போது விரலிடுக்கில் குண்டூசியை ஒளித்துவைத்துக் குத்தினாராம்.

"ரத்தம் வந்துருச்சு. அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டு நிக்கான். என்னமோ மருந்து தடவி மரத்துப்போக வைக்கான். அது என்னன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

குண்டூசியால் குத்தியதை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பகீரென்றது. அந்தக் கையில் வெளுத்த தடம் ஏதும் உண்டா என்று கேட்டேன். மணிக்கட்டுப் பக்கம் தேமல் மாதிரி இருக்கிறது என்றார். என் சின்னம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வலிக்காததால் யாரும் கவனிக்கவில்லை. தொழுநோய் என்று தெரிவதற்குள் கால்விரல்கள் போய்விட்டன.

"அது மருந்து இல்லைங்க. பெருவியாதி" என்றேன்.

அவர் கேட்டார்:

"அப்ப அதுல வித்தையே இல்லையா?"

நோயைவிட அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. இந்த மனிதரோடுதான் மூன்று வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேனா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு அச்சாபீஸுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பினார். தன்னை மேடையிலிருந்து இறக்க இப்படி ஒரு பொய்யா என்று அச்சாபீஸ்காரர் விரட்டிவிட்டாராம்.

மறுநாள் நான் அச்சாபீஸ்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். கொதிக்கிற உலைப்பானையை அவர் வெறுங்கையால் இறக்கிவைப்பதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். அவள் கெஞ்சியதில் அவர் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டார். ஆனால் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் என்றார்.

பங்குனிப் பொங்கலன்று சாயங்காலம் திடல் நிறைய ஆட்கள். அச்சாபீஸ்காரர் வழக்கத்தைவிடப் பெரிய கட்டிச் சூடத்தை உள்ளங்கையில் வைத்துப் பற்றவைத்தார். என் கணவரைப் பார்த்தபடியே நின்றார். அணைந்ததும் இன்னொரு கட்டி வைத்தார். கருகிய வாடை நாங்கள் இருந்த முன்வரிசை வரைக்கும் வந்தது. கூட்டம் கைதட்டியது. சட்டென்று என் கணவர் எழுந்து மேடைக்கு ஓடினார். தோள்துண்டை அந்தக் கையில் போட்டு அமுக்கி, தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"போதும்லே. நீதான் செயிச்சே. வா, போவோம்."

பொறாமையில் கலைக்கிறான் என்று கூட்டம் கூச்சல் போட்டது. யாரோ கல்லெறிந்தார்கள். அச்சாபீஸ்காரர் துண்டை விலக்கித் தன் கையைப் பார்த்தார். கூடவே இறங்கி வந்தார்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரிக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். டாக்டர் அச்சாபீஸ்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஏழெட்டு இடத்தில் தொட்டார். அவர் கண்ணை மூடியபடி ஆவலாகக் காத்திருந்தார். கடைசியில், "இன்னும் தொடலையா, டாக்டர்?" என்றார். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு நோய் நின்றது. மடங்கிய இரண்டு விரல்கள் நிமிரவில்லை. மாத்திரை வாங்க மதுரைக்குப் போகும்போதெல்லாம் என் கணவரும் கூடப் போவார். பஸ்ஸில் அச்சாபீஸ்காரர் பக்கத்தில் உட்கார ஆட்கள் தயங்கிய காலம் அது. அந்த இடத்தில் என் கணவர் உட்கார்ந்துகொள்வார்.