அண்ணனுக்கு ஒதுக்கிய மொழி

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. வாயைத் திறந்தால் மூடமாட்டான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டே மேலே நிற்கிறவருக்குக் கதை சொல்லுவான். வேலை முடிந்தாலும் கதை முடியாது. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்த பாவத்துக்கு, அவன் கதைகளில் பாதியை நான் அரைத் தூக்கத்திலேயே கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனை மூன்று வருஷம் சொந்த வீட்டில் வாயடைக்க வைத்தார்கள். என் வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது?

வைத்தது அண்ணி. கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுமியாக இந்த ஊருக்கு வந்தபோது, பள்ளிக்கூடப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாமல் கடைசி பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஒன்றுக்குப் போகணும் என்று கேட்கத் தெரியாமல் உடுப்பை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததை இன்றைக்கும் சொல்லுவாள். அப்புறம் பிடிவாதமாகப் படித்து, இப்போது கூரியர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள். அந்தப் பாஷையை அவள் பேசினால், அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். தன் மகள் அந்தக் கடைசி பெஞ்சில் உட்காரக் கூடாது, அதே சமயம் தமிழும் கைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தாள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

மகளுக்கு இரண்டு வயதானபோது எங்கிருந்தோ ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தாள். அம்மா ஒரு மொழி பேச வேண்டுமாம், அப்பா இன்னொரு மொழி பேச வேண்டுமாம், கலக்கவே கூடாதாம். சரி, பள்ளிக்கூடப் பாஷையை யார் பேசுவது? புத்தியுள்ள யாரைக் கேட்டாலும் அண்ணி என்றுதான் சொல்வார்கள். அண்ணி அதை அண்ணன் தலையில் கட்டினாள். தாய்மொழியைத் தாய்தான் பேச வேண்டுமாம்.

"அண்ணி, அந்தப் பாஷையில அண்ணனுக்குத் தெரிஞ்சது லிஃப்டுக்குள்ள ஒட்டியிருக்கிற நோட்டீஸ் மட்டும்தான்" என்றேன்.

"பேசப் பேச வந்துடும்."

"நீங்க அதைப் பேசுங்களேன். அவன் தமிழ் பேசிட்டுப் போறான்."

அண்ணி துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாள் பூரா அந்தப் பாஷையிலதான் மன்னிப்புக் கேட்டு எழுதுறேன். என் பொண்ணு என்கிட்ட தமிழ்லதான் சண்டை போடணும்" என்றாள்.

அண்ணனோ, பதவி உயர்வு கிடைத்த மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றான்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அண்ணன் வாயிலிருந்து தமிழே வரக் கூடாது, என்னிடம்கூட. போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடுவான். தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவான். மருந்துக் கடையில் காலை முழுக்க மற்றவர்களின் வியாதியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் எனக்கு, இங்கேயும் ஊமை விளையாட்டு.

குழந்தையிடம் அவன் பேசியதுதான் கொடுமை. அவன் படித்த லிஃப்ட் கையேடுகளும் எச்சரிக்கைப் பலகைகளும்தான் அவனுக்கு அகராதி. அவன் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். பால் குடிக்க அடம்பிடித்தால், "தயவுசெய்து ஒத்துழைக்கவும்." கீழே விழுந்து அழுதால், "சேதம் ஏதேனும் உள்ளதா?" தூங்கப் போகும்போது, "இன்றைய சேவை முடிவடைந்தது. நன்றி." எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

அந்தக் குட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. பள்ளியில் சேர்ந்து ஆறே மாதத்தில், கூட விளையாடும் பிள்ளைகளிடமிருந்து அந்தப் பாஷையை அழகாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணனின் வேலை அதோடு தீர்ந்தது. "இனியாவது அவனை விடுங்க" என்றேன். ஆறு வயது வரை என்று அட்டவணையில் போட்டிருக்கிறதே என்றாள் அண்ணி. வாலு தன் கதைகளையெல்லாம் அம்மாவிடமும் என்னிடமும் கொட்டுவாள். அப்பாவிடம் மட்டும் அவன் பாணியிலேயே நிறுத்தி நிறுத்தி, "உணவு தயாராக உள்ளது" என்பாள். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணன் சொன்னான்: "அவகிட்ட சொல்ல எவ்வளவோ இருக்கு. நான் யாருன்னு தெரியாமலே வளர்ந்துடுவா போலிருக்கு."

"வாயைத் திறந்து பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலையேன்" என்றேன். சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் கதை சொல்லுகிறவனுக்கு அந்த ஒரு வரி மட்டும் வராது.

போன மாதம் ஒரு மதியம். வாலுவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். காய்கறிப் பையை நான் கீழிருந்து எடுப்பதற்குள் அவள் லிஃப்டுக்குள் ஓடிப் பொத்தானை அழுத்திவிட்டாள். நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மூன்றைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. எங்கள் கட்டடத்து லிஃப்டை வேறு கம்பெனி பார்க்கிறது. அதன் லட்சணத்தைப் பற்றி அண்ணன் என்னிடம் மாடிப்படியில் ஓராயிரம் தடவை புலம்பியிருக்கிறான்.

நல்ல வேளை, அவனுக்கு அன்று விடுமுறை. படியேறி ஓடிக்கொண்டே நான் போட்ட கத்தலில், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடி லிஃப்ட் கதவுக்கு ஓடி வந்தான். மோட்டார் அறைச் சாவியைக் காவலாளி தேடிக்கொண்டிருந்தார். உள்ளே வாலு அழுதுகொண்டே கதவு இடுக்கில் விரலை விட்டு இழுக்கும் சத்தம் கேட்டது. லிஃப்ட் சட்டென்று நகர்ந்தால் அந்த விரல் என்ன ஆகும் என்று அவனுக்குத்தான் தெரியும். அட்டவணையாவது மண்ணாவது.

"கண்ணு, பயப்படாதடா. கதவுல கை வைக்காத. பின்னாடி போய் சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கோ. இதவிட மோசமா நின்ன லிஃப்டெல்லாம் பாத்திருக்கேன், ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல" என்று தமிழில் கொட்டினான்.

அழுகை நின்றது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, நீங்க யாரு?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க அப்பாவைக் கூப்பிடுங்க மாமா. நாலாவது மாடி. அவருக்கு லிஃப்ட் நல்லாத் தெரியும். ஆனா தமிழ் தெரியாது, பாவம். மெதுவாச் சொல்லுங்க."

"நான்தான்டா அப்பா."

"பொய்" என்று அலறிவிட்டு, முன்னைவிடப் பலமாகக் கதவை இழுக்கத் தொடங்கினாள்.

அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கதவு இடுக்கில் வாயை வைத்து, பள்ளிக்கூடப் பாஷையில் நிதானமாகச் சொன்னான்: "பதற்றமடைய வேண்டாம். கதவுகளிலிருந்து விலகி அமரவும். உதவி வந்துகொண்டிருக்கிறது."

"அப்பா" என்றாள் வாலு. அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில். உடனே அதே பாஷையில், "அறிவிப்புக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாவி கிடைத்து, கால் மணி நேரத்தில் லிஃப்ட் அசைந்தது. வெளியே வந்தவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக என்னைக் கேட்டாள்: "அத்தை, அந்த மாமா போயிட்டாரா?" எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குத்தலாகத்தான் சொன்னேன், அதற்கு வருத்தமும் இல்லை. அண்ணி எழுந்துபோய் அட்டவணையை உரித்து எடுத்து, குப்பையில் போடாமல் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டாள். "இனிமே நீங்களும் தமிழே பேசுங்க" என்று அவனிடம் சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் அண்ணன் மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். மூன்று வருஷக் கதையும் வரிசையாக வரப்போகிறது, இன்றைக்கு யாரும் தூங்கின மாதிரிதான் என்று நினைத்தேன். அவன் ரொம்ப நேரம் தடுமாறிவிட்டு, "கண்ணு, தண்ணி குடு" என்றான்.

வாலு அவனையே உற்றுப் பார்த்தாள். "அம்மா, அப்பாவுக்குத் தமிழ் வருது" என்று கத்தினாள். நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கரண்டியை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது கரண்டி. சொல்லுங்க பாக்கலாம்."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தான்.

"கரண்டி" என்றான்.

"நல்லா வருதுப்பா" என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்ததாகத் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.