மதில் பக்கத்துப் பறவைகள்

காட்டுப் பாதையில் மதில் பக்கத்துப் பறவைகள் காணாமல் போனபோது, எனக்கு ஏதோ ஆகியிருக்கும் என்று தோன்றவே இல்லை. தோட்டக்காரர் ஏழுமலையின் மேல்தான் சந்தேகப்பட்டேன்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஞாயிறு காலைகளில் மாணவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் வளாகத்துக் காட்டுப் பாதையில் அழைத்துப் போவேன். பார்க்கும் பறவைகளையும் செடிகளையும் நோட்டில் எழுதுவோம். பட்டியல்களை ஒப்பிட வசதியாக எப்போதும் ஒரே திசையில், கோயிலை வலம் வருவதுபோல நடப்போம். குளம் வலப்பக்கம் வரும், மதிலோரப் புதர்கள் இடப்பக்கம்.

தேர்வு நேரம் என்பதால் அந்த மாதம் தனியாக நடந்தேன். தொடர்ந்து மூன்று வாரம் மதில் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தையல்சிட்டின் குரல் கேட்டது. அது மதிலுக்கு வெளியே கத்துகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். புதர்களை வெட்டிவிட்டார்கள் என்று அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். புதருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான்காவது ஞாயிறு ஏழுமலையே வந்து நின்றார்.

“நா கத்தியே வெக்கல மேடம். வா, காட்டறேன்.”

கோபத்தோடு அவருக்கு முன்னால் நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன்.

“நில்லு மேடம்! மான் நிக்குது, இன்னா இடிச்சுகினு போறே?”

“எங்கே?”

“இந்தா, பீச்சாங்கை பக்கம்!”

தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புள்ளிமான் காரைச் செடியை மென்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துள்ளி ஓடியது.

“மொதல்ல கண்ண காமி மேடம். கட்தாசி அப்பால எழுதிக்கலாம்” என்றார் ஏழுமலை.

கண் மருத்துவர் பார்வைப்புலச் சோதனை (தலையை அசைக்காமல் பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) செய்துவிட்டு, அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். கணவர் சேகர்தான் ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

“கண்ணுல ஒண்ணுமில்லம்மா. மூளையோட பின்பக்கம் சின்னதா ஒரு ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) வந்திருக்கு. ரெண்டு கண்ணுலயும் இடது பாதி போயிடுச்சு” என்றார் நரம்பியல் மருத்துவர். “இடையில திடீர்னு தலைவலி வந்துதா?”

வந்தது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் வகுப்புக்குப் போனேன். இதைப் படிக்கும் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

“அப்போ இருட்டாதானே தெரியணும்?”

“தெரியாத இடத்தை மூளை இருட்டா காட்டாது. எதையாவது வெச்சு நிரப்பிடும்.”

“திரும்ப வருமா, டாக்டர்? ஞாயித்துக்கிழமை நான் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகணும்.”

“பெரும்பாலும் வராது. தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகலாம். முதல்ல நீங்க தனியா பத்திரமா நடங்க, அப்புறம் மத்தவங்களைக் கூட்டிட்டுப் போறதைப் பத்திப் பேசலாம்.”

வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். ஸ்கூட்டர் சாவியைச் சேகரிடம் கொடுத்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கியது. வரியின் தொடக்கம் பிடிபடாததால், புத்தகத்தின் இடது ஓரத்தில் சேகர் சிவப்பு டேப் ஒட்டித் தந்தார். டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், பிறகுதான் படிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கழுத்து வலித்தது. இரண்டாம் பக்கமும் படித்தேன்.

நடக்க அனுமதி கிடைத்ததும் ஏழுமலை ஒரு வழி சொன்னார். “எதிர்ப்பக்கமா நட மேடம். பொதரு சோத்தாங்கை பக்கம் வந்துடும்.”

அப்படியே நடந்தேன். புதர்கள் அத்தனையும் இருந்தன. கிளுவை வேலிபோல் அடர்ந்திருந்தது, நுணா பூத்திருந்தது, செண்பகப் பறவை ஒன்று தத்தித் தத்தி உள்ளே போனது. அங்கேயே ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். நோட்டில் அந்த மூன்று வாரங்களுக்கும் நேரே “எழுதியவருக்குப் பார்வைக் குறை” என்று குறித்தேன்.

ஆனால் அன்று புதர் கிடைத்தது, குளம் போய்விட்டது. நாரை ஒன்று இறங்கும் சத்தம் கேட்டும் தண்ணீரின் பக்கம் திரும்ப மறந்திருந்தேன். திசையை மாற்றி என்னை நானே ஏமாற்றிக்கொள்வது சரிப்படாது என்று புரிந்தது. அடுத்த நாள் முதல் பழைய திசையிலேயே நடந்தேன். பத்தடி நடந்து நிற்பேன். முகவாய் தோளைத் தொடும்வரை இடப்பக்கம் திரும்புவேன். பிறகு நேரே, பிறகு வலம். கிளை முகத்தில் அடித்திருக்கிறது, கல் தடுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு நாளும் விடவில்லை.

போன மாதம் மருத்துவர் சம்மதித்தார். ஞாயிறு காலை எட்டுப் பேர் வந்திருந்தார்கள். இடப்பக்கம் எனக்குத் தெரியாது, அங்கே நிற்பவர்கள் குரல் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பத்தடிக்கு ஒருமுறை நான் நிற்க, அவர்களும் நின்றார்கள். முன்பு நாற்பது நிமிடத்தில் முடித்த பாதையில், இரண்டு மணி நேரத்தில் பாதிதான் வந்திருந்தோம். வெயில் ஏறிவிட்டது.

குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மேடம், வழக்கமாவே இவ்ளோ நேரம் ஆகுமா?”

“இனிமே இதாம்மா வழக்கம்” என்றேன். பேசியவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியவில்லை. முதலில் இடப்பக்கம் திரும்பினேன். அங்கேதான் நின்றிருந்தாள்.