ஒன்பதாம் பெட்டியில் ஒரு ஜோடி ஷூ

கயாக் என்கிற துடுப்புப் படகை வாடகைக்கு விடுவது சொகுசான பிழைப்பு என்று யாராவது சொன்னால், அவரை ஏரிக்கரைப் படகுக் கொட்டகை அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வலது தோளைத் தொட்டுக் காட்டுவாள். பதினான்கு வருஷமாக ஈரப் படகுகளைத் தண்ணீரில் தள்ளி, ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து மாட்டித் தேய்ந்த தோள் அது. "உனக்கென்ன, ஏரிக்காத்து வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்க" என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் சொல்வார்கள். உட்காருவதா! கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியிலும் எப்போதும் வாடிக்கையாளர்களின் பைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

வேலை இதுதான். ஏரிக்கரையில் படகு ஏறுகிறவர்கள், ஏரி ஆறாக வழிகிற இடத்தில் ஆற்றுக்குள் திரும்பி, மூன்று கிலோமீட்டர் கீழே போய்ப் பாலத்தடிப் படிக்கட்டில் இறங்க வேண்டும். அங்கே அவளுடைய தம்பி வேனோடு நிற்பான். ஆட்களை மேலே கொண்டுவந்து விடுவான், படகுகளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எண்ணி ஏற்றுவான். ஆக, யார் கரையேறினார், யார் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று படகை எண்ணித் தெரிந்துகொள்ள மேலே இருப்பவளுக்கு வழியில்லை.

அதற்கு அவள் செருப்பை எண்ணினாள். சுவரோரம் வரிசையாக மரப்பெட்டிகள், படகுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு எண். படகு ஏறுமுன் செருப்பைக் கழற்றிப் படகின் எண்ணுள்ள பெட்டியில் வைத்தாக வேண்டும். செருப்பு இருந்தால் ஆள் தண்ணீரில், செருப்பு இல்லையென்றால் ஆள் வீட்டில். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டியை அவள் மறந்தே போய்க் கொட்டகையைப் பூட்டிவிட்டாள். பாவம், அவர்கள் நாணல் புதருக்குள் சிக்கிக்கொண்டு இருட்டும்வரை கத்தியிருக்கிறார்கள். யாரோ மீன்காரர் இழுத்து வந்து விட்டார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்குத்தான் மூன்று மாதம் தூக்கம் போனது. அதற்குப் பிறகு வந்தவைதான் இந்தப் பெட்டிகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டியிருந்தது. இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நகரத்து விடுதியில் தங்கியிருந்த மகள் வெளிநாட்டு ஓட்டல் வேலைக்குக் கிளம்புகிறாள், மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. ஐந்தரைக்குக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பஸ் நாலே முக்காலுக்கு நகரம் சேரும். முக்கால் மணி நேரம் மகளைப் பார்க்கலாம். அதற்காக அவள் ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாளாவது கடையை மூடேன்" என்று மகளுக்கு வாங்கிய பயணப் பெட்டியோடு காலையிலேயே நகரத்துக்குக் கிளம்பிப்போன வீட்டுக்காரர் கெஞ்சினார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவன் ஞாயிற்றுக்கிழமை மூட விடுவானா? மதியம்வரை இருந்துவிட்டுப் போ என்று சொன்னதே பெரிய உபகாரமாம்.

பன்னிரண்டரைக்குக் கடைசிப் படகையும் தள்ளிவிட்டாள். ஒன்றே முக்காலுக்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தம்பி கடைசிக் கும்பலைச் சாலை வளைவிலேயே இறக்கிவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் முகம் கழுவி, நல்ல புடவை மாற்றி, தலையை வாரிக்கொண்டு வந்து பார்த்தால், ஒன்பதாம் பெட்டியில் ஒரு ஜோடி ஷூ.

பழுப்பு ஷூ. பளபளவென்று பாலீஷ், உள்ளே மடித்து வைத்த சாக்ஸ். தனியாக வந்த வழுக்கைத்தலைக்காரருடையது. "ஒரு மணி நேரம்தாங்க, சும்மா ஒரு சுத்து" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டுப் போனவர். இப்படிப்பட்ட ஷூவை எவன் மறந்துவிட்டுப் போவான்?

தம்பிக்குப் போன் போட்டாள். அணைந்து கிடந்தது. காலை முழுக்கப் பாட்டுக் கேட்டே சார்ஜைத் தீர்த்துவிட்டு மதியத்துக்கு மேல் கட்டையாகிவிடுவது அவன் வழக்கம். "இவனைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியிருக்கே" என்று போனைப் பார்த்துத் திட்டினாள்.

பஸ் வந்து வளைவில் நின்றது. கண்டக்டருக்கு அவளைப் பத்து வருஷமாகத் தெரியும்.

"ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க தம்பி, ஒருத்தர் வரணும்."

அவர் நாலு நிமிஷம் நிறுத்தினார். அவள் ஆற்றையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, ஏறுறீங்களா இல்லையா? உள்ள என்னைப் பிச்சு எடுக்குறாங்க."

ஒரு காலைப் படியில் வைத்தும் விட்டாள். தம்பி பார்த்துக்கொள்ள மாட்டானா? ஐந்து மணிக்கு எண்ணும்போது பார்ப்பான்தான். அதற்குள் அந்த மனுஷன் எந்தக் கிளையைப் பிடித்துத் தொங்குகிறாரோ. அவருக்கும் வீட்டில் யாராவது காத்துக்கொண்டுதானே இருப்பார்கள்.

"நீங்க போங்க தம்பி" என்று காலை எடுத்தாள்.

புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கயாக்கைத் தள்ளி ஏறினாள். ஒவ்வொரு நாணல் புதரருகிலும் படகை நிறுத்தி, "சார்! சார்!" என்று கூப்பிட்டாள். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஓர் இடத்தில் லைஃப் ஜாக்கெட் போல ஆரஞ்சு நிறமாக ஏதோ மிதந்தது. உயிரே போய்விட்டது. கிட்டப் போனால் எவனோ எறிந்த எண்ணெய் டப்பா. தோள் இற்றுப்போய்விடும் போல வலித்தது. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு தடவை சும்மா மிதந்தாள். கண் இருண்டுகொண்டு வந்தது. இப்படியே படுத்துத் தூங்கிவிட்டால் என்ன என்றுகூட இருந்தது. பிறகு மறுபடி துடுப்பைப் போட்டாள்.

பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. தம்பி படிக்கட்டில் நின்று படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் எண் படகு சுத்தமாகக் கவிழ்ந்து கிடந்தது.

"என்னக்கா நீ! பஸ் ஏறலையா?"

"ஒம்பதுல போனவர் எங்கடா?"

"அந்த வழுக்கை சாரா? அவர் ஒன்றரைக்கே வந்துட்டாரே. பாசியில வழுக்கிக் கணுக்கால் வீங்கிப்போச்சு, அழாத குறை. ஆஸ்பத்திரிப் பக்கம் போற கார்ல ஏத்தி அனுப்பிட்டேன். ஷூவை நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு..." என்றவன் பாதியில் நிறுத்தினான். முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா. பெட்டி."

"பெட்டிதான்டா!" என்று கையிலிருந்த துடுப்பை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியிலேயே வலியில் நின்றுவிட்டது. இவனை அடித்து என்ன ஆகப்போகிறது? கால் வீங்கினவருக்கு உதவி செய்திருக்கிறான், அதற்கா அடிப்பது?

"வேன்ல போயிடலாம்க்கா. விரட்டிட்டுப் போனா..." என்று மணியைப் பார்த்தான். இரண்டு மணி நேரப் பயணம். போய்ச் சேரவே ஆறு ஆகிவிடும்.

போன் அடித்தது. மகள்தான்.

"அம்மா, எங்க வந்துக்கிட்டு இருக்க?"

அவள் ஈரப் படியில் உட்கார்ந்தாள். "வரலடி. ஒருத்தரைக் காணோம்னு ஆத்துல தேடிக்கிட்டு இருந்தேன்."

"ஐயையோ. கெடைச்சுட்டாரா?"

"அவர் தொலையவே இல்லடி. எனக்குத்தான் தெரியல."

அந்தப் பக்கம் விடுதி வாசலில் யாரோ பெட்டி உருட்டும் ஓசை கேட்டது.

"திட்டுடி. வாய் விட்டுத் திட்டித் தொலை."

"திட்ட மாட்டேம்மா" என்றாள் மகள். "இப்போ நான் திட்டிட்டுப் போனா, மூணு வருஷமும் நீ அதையே நெனச்சுக்கிட்டு இருப்ப."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள், அதைக் கேட்டதும் தம்பி பார்க்கிறானே என்றுகூட இல்லாமல் அழுதாள். மகள் போனை வைக்கவில்லை. "அழும்மா, இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.