குழி சொல்லும் குகதாசன்

குகதாசன் அண்ணை சோவியத் காலத்து எஸ்தோனியாவில் படித்தபோது கார் ராலிப் பந்தயத்துக்குப் போனவர் என்று, ரொறன்ரோவுக்குப் பக்கத்து எங்கள் ஸ்ரௌவ்வில் ஊர் முழுக்கப் பேச்சு. அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

நேற்று அண்ணை குடும்பத்தோடு காரில் மிசிசாகாவுக்குப் போனேன். ஓட்டியவர் அவர் மனைவி மனோரஞ்சிதம் அக்கா. அண்ணை பக்கத்தில், மடியில் தெருவின் வளைவெல்லாம் எழுதிவைத்த கொப்பியோடு.

"நூறு மீற்றர், வலம், மெதுவா."

பத்து நிமிடத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அக்கா, ஜிபிஎஸ்ஸைப் போடுங்கோவன்."

"அது குழி சொல்லுமோ?" என்றார் அக்கா.

அண்ணை திரும்பினார். "அங்கை எஸ்தோனியாவில சொந்தக் கார் வாங்க வருசக்கணக்கில காத்திருக்கவேணும். அதால கார் விசர் பிடிச்ச எல்லாரும் தொழிற்சாலைக் கிளப்பில சேர்ந்தவை. ஒரு கார், ஓட்ட நாப்பது பேர். மிச்சச் சனம் முழுக்கப் பனிக்காட்டுக்குள்ள நிண்டு கைதட்டும். நான் ஓட்டுறவருக்குப் பக்கத்தில இருந்து, கொப்பியைப் பாத்து வளைவுகளை வாசிச்சனான்."

"ஓட்ட உங்கட முறை வரேல்லையோ?"

"வந்தது. அந்தக் கிழமைதான் நாடே உடைஞ்சுபோச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கொப்பியைப் பார்த்தார்.

"முப்பது மீற்றர், குழி!"

அக்கா பிரேக் பிடித்தார். குழி இருந்தது.