தாய்மாமனுக்கு வாட்ஸப் பத்திரிகை

செல்போன் ரிப்பேர் கடைக்காரனுக்குப் பாதி வேலை போனோடு, மீதி வேலை போன் வைத்திருப்பவரோடு. வீட்டுப் பெரியவர்களுக்கு ஆசையாகப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு முழிக்கிறீர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்டு நானும் அதே பாடுதான் படுகிறேன்.

இடமில்லாத போன்

ஓய்வு பெற்ற வாத்தியார் சூசை சார், போன் திணறுகிறது என்று கொண்டுவந்தார். உள்ளே மூச்சுவிட இடமில்லை. எல்லாம் ரோஜாப்பூ, காபி டம்ளர், காலை வணக்கம். கூட வந்த மகள், "எல்லாத்தையும் அழிச்சு விடுங்க பாய்" என்றாள். நான் விரலை நீட்டியதும் சார் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏம்மா, மெனக்கெட்டு வணக்கம் வச்சவுகளையா அழிக்கச் சொல்ற? பாதிப் பேருக்கு நான் இன்னும் பதில் வணக்கமே வைக்கல!"

வந்த வழியே

பூ வியாபாரி முத்தையா அண்ணன் செம்பட்டிக்காரர். மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு நேராக வந்து போனை மேசையில் வைத்தார். திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை, மேளச் சத்தத்தோடு பூ தூவிக்கொண்டிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் காவ்யா தன் கல்யாணத்துக்கு அனுப்பியது. "இதை வந்த வழியே திருப்பி அனுப்புங்க பாய்" என்றார்.

இவர் அவளுக்குத் தாய்மாமன். வெற்றிலை பாக்கு வைத்து முதலில் அழைக்க வேண்டிய ஆள். இவர் போகாவிட்டால் மணமேடையில் மாலை எடுத்துக் கொடுப்பது யார்? எனக்கே பகீர் என்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் அழைக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"சரி, போன்ல கூப்புட்டிருக்கா. நானும் போன்லயே வந்து போன்லயே சாப்ட்டுக்கிறேன்!"

தாம்பாளம்

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அக்கா வீட்டுக்கும் நான்தான் போன் பார்ப்பவன், விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அண்ணன் என் கடையில் சார்ஜர் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிடுவார் என்று பயந்து, பெங்களூரிலிருந்து வந்த காவ்யா, அவர் இங்கே இருப்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தாம்பாளத்தோடு கடைக்கே வந்துவிட்டாள். "மாமா, உங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்னு மொத மெசேஜே உங்களுக்குத்தான் அனுப்புனேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அண்ணனுக்குக் கண் கலங்கியது, சத்தியமாக எனக்கும்தான். தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். உடனே துண்டைச் சரிசெய்துகொண்டு, தன் போனை எடுத்துக்கொள்ளச் சொல்லி எனக்குக் கண்காட்டினார்.

"பாய், தட்டு நல்லாத் தெரியுற மாதிரி ஒரு படம் புடிச்சு சொந்தக்காரவுக குரூப்புல போடுங்க, அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்!"

படத்தைப் பார்த்துப் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் எல்லாரும் 'எங்களுக்கு மட்டும் போன்லயா?' என்று முறுக்கிக்கொண்டதில், ஒரே நிமிஷத்தில் ஊரையே அழைத்து முடித்த அந்தப் பெண் இப்போது லீவு போட்டுவிட்டு, தாம்பாளமும் கையுமாக நத்தம் வரைக்கும் அலைந்துகொண்டிருக்கிறாள்.