நிழல் கழிக்க வந்தவர்கள்

காப்பித் தோட்டக்காரர்களுக்கு முதலில் வரும் நோய் கழுத்துவலி: பாதி நாள் அண்ணாந்து மரத்தைப் பார்க்கணும், மீதி நாள் குனிந்து செடியைப் பார்க்கணும். உங்களில் யாருக்காவது மிளகோ ஏலமோ இருந்தால் இந்த வலி புரியும். மற்றவர்கள் தைலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலையில், அப்பா விட்டுப்போன தோட்டம் எனக்கும் தம்பி செல்வத்துக்கும் பொது. ஐம்பதை நெருங்கும் வயதில் துபாய் ஆபீஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொள்ள வந்தேன். செல்வம் ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். தரை மொட்டையாக இருந்தால்தான் அவனுக்கு அது தரை. பலாவும் அத்தியுமாகக் காடு மாதிரி நின்ற நிழல்மரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அடுத்த மகசூல் வரைக்கும் பாருக்கா. காப்பி சரியா வரலன்னா மரத்த எல்லாம் வெட்டிட்டு மரவள்ளி போட்டுருவோம்."

பஸ்ஸில் ஒரு நிபுணர்

அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, என் மடியிலிருந்த நாற்றைப் பார்த்து என்ன செடி என்று கேட்டார். காப்பி என்றேன். மலைமேல் மர நிழலில் வளரும், நிழல் கூடினால் காய்க்காது, குறைந்தால் கருகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இவ்ளோ கொஞ்சணுமா அத? மக்காச்சோளத்த வெயில்ல வுட்டா அது பாட்டுக்கு வளந்துட்டுப் போவுது. நீங்க பேசாம காப்பிய டீக்கடையிலயே குடிங்க."

கொஞ்சம்னா எவ்வளவு?

மழைக்கு முன்னால் நிழல்மரங்களில் கொஞ்சம் கிளை கழித்து, செடிக்கு வெளிச்சம் விடவேண்டும். மலையில் ஆள் கிடைக்காத வாரம் அது. செந்துறையிலிருந்து மரமேறும் ராமசாமியை வரவழைத்தேன். "கீழ் மூலையிலேர்ந்து ஆரம்பிங்க. கொஞ்சம் கழிச்சாப் போதும்ண்ணே" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். அவர் கூடவே ஒரு மினி லாரியும் வந்திருந்தது. அப்போதே யோசித்திருக்கணும்.

திரும்பி வந்தால், அந்த மூலைப் பலாமரங்கள் விளக்குக் கம்பங்களாக நிற்கின்றன. லாரி நிறையத் தழை. ஆடு வளர்க்கிற ஊரில் மரம் கழிப்பதென்றால் கடைசி இலைவரை ஒடிப்பது. விட்டுவைத்தால் வேலை அரைகுறை என்று அர்த்தம். நான் போட்ட கூச்சலுக்கு ராமசாமி மரத்தில் இருந்தபடியே ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, ஒரு இலை வீணாப் போவாது. எங்க வூட்டு ஆடு அம்புட்டையும் தின்னுடும்."

புல்லுக்கும் வெயில் பிடிக்கும்

அடுத்த பூப்பு முடிந்ததும் அந்த மொட்டை மூலையில்தான் காய் நெருக்கியடித்தது. செல்வம் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். வெயில் ஜெயித்துவிட்டால் அவன் மற்ற மரங்களையும் மொட்டையடிக்கச் சொல்வான்; அத்தி போகும், அதன் பழத்துக்கு வரும் பச்சைப்புறாவும் போகும்.

ஆனால் புல்லும் சேர்ந்து ஜெயித்தது. நிழல்பக்கம் உதிர்ந்த இலை மண்ணை மூடியிருந்ததால் களை கம்மி. மொட்டை மூலையில் இடுப்பளவு. களையெடுக்க வந்த சின்னப்பொண்ணு அரிவாளை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "ஏங்க்கா, காப்பி போட்டீங்களா, இல்ல மாட்டுக்குத் தீவனம் போட்டீங்களா?"

டிரம் சொன்ன தீர்ப்பு

அறுவடைக்குச் செல்வமே வந்தான். மொட்டை மூலையை நான்தான் பறிப்பேன் என்றான். தாங்காத பாரம் காய்த்த செடிகள் இலையுதிர்ந்து குச்சியாய் நின்றன. பாதிக் காய் கறுத்திருந்தது. பறித்த பழத்தை டிரம் தண்ணீரில் கொட்டுவது வழக்கம்: பருப்பு நிறைந்தது மூழ்கும், பொக்கு மிதக்கும். அவன் கூடையைக் கொட்டினான். மிதந்தது. கையால் அமுக்கினான். மறுபடி மேலே வந்தது. நிழல்பக்கத்துப் பழம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தண்ணியில கோளாறு" என்று வாதத்தை ஆரம்பித்தான். வெயில் சுட்டது. பேசப்பேச நகர்ந்து அத்திமரத்தடிக்கு வந்து, துண்டை விரித்து உட்கார்ந்தும்விட்டான். மேலே புறா கொத்திய பழம் ஒன்று சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொண்டே சொன்னான்: "சரிக்கா, மரம் நிக்கட்டும். மரவள்ளிப் பேச்ச அடுத்த வருசம் வெச்சுக்குவோம்."

தோட்ட நிர்வாகம் என்று பெரிய பெயரில் நாங்கள் செய்வதெல்லாம், வருஷா வருஷம் மரங்களுக்கு ஜாமீன் எடுப்பதுதான்.