இஸ்திரிக்காரர் தஸூகி நடத்திய போர்

எல்லைக் கால்வாய்க்கரையில் குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், எங்கள் ஸிஃப்தா ஊரின் தலைமைத் தளபதி இஸ்திரிக்காரர் தஸூகிதான். கடை ரேடியோவில் போர்ச் செய்தி ஓட, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துத் துணிமேல் புஸ்ஸென்று ஊதுவார். அடுத்த மடக்குக்குக் கூஜாவைத் தூக்குவதற்குள் அவர் பேச்சிலேயே எதிரியின் படைப்பிரிவு ஒன்று அழிந்திருக்கும்.

எதிர் காபிக்கடையில் உட்கார்ந்திருக்கும் மக்ஸூதுக்கு இரண்டு பிள்ளைகள் கால்வாய்க்கரைப் பதுங்குகுழியில். அவர் சண்டையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். தளபதிக்கு அது பொறுக்காது.

“என்ன மக்ஸூத், வாயில கொழுக்கட்டையா? பத்து வருஷம் ஆனாலும் அடிக்கணும்யா!”

“அடிக்கலாம், ஃபத்ஹி அப்பா. உம்ம பையன் ஃபத்ஹி எப்பக் கிளம்புறான்?”

“சட்டம் விடலையே! ஒத்தப் பிள்ளையாச்சே. இல்லேன்னா நேத்தே அனுப்பியிருப்பேன்.”

உண்மைதான். ஒரே மகன் உள்ள வீட்டில் ராணுவம் கை வைக்காது. ஆனால் தளபதி வெள்ளிக்கிழமை தவறாமல் இன்னொரு மகன் வேண்டுமென்றும் இறைவனிடம் கேட்டுவந்தார். இறைவன் தாமதித்தான், மறக்கவில்லை.

பிறந்தது ஆண் குழந்தை. ஏழாம் நாள் விழா. ஊர் வழக்கப்படி குழந்தையின் காதருகே பித்தளை உரலை இடித்து, “அப்பா சொல்லக் கேளு!” என்று பெண்கள் கத்தினார்கள். தஸூகி கடலையும் மிட்டாயும் அள்ளி இறைத்தார். மக்ஸூத் குழந்தையைப் பார்த்தார். பிறகு வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற ஃபத்ஹியைப் பார்த்தார்.

“பேரு பதிஞ்சாச்சா?”

“அன்னிக்கே! நானே போய்ப் பதிஞ்சேன்.”

“அவசரப்பட்டுட்டீரே. இனி ஃபத்ஹி ஒத்தப் பிள்ளை இல்லையே.”

உரல் நின்றது. தஸூகியின் மனைவி உலக்கையைக் கீழே போட்டாள்.

“தெனமும் ரேடியோகிட்ட கத்தினீரே, அடிக்கணும் அடிக்கணும்னு. அதுக்குக் கேட்டுடுச்சு, போதுமா?”

ஃபத்ஹி கிளம்பும் நாளில் தஸூகி அவன் சீருடையைக் கத்திபோல் மடிப்பு வைத்துத் தேய்த்தார்.

“மடிப்பு எதுக்குப்பா? மணல்லதானே படுக்கப்போறேன்,” என்றான் அவன்.

கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுத்தால் மக்களின் போர் ஆசை குறையுமா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்களாம். எங்கள் ஊர் ஆராய்ச்சியில், ஓர் இஸ்திரிக்கடை அளவுக்குக் குறைந்தது. தளபதிப் பதவியும் வெகுநாள் காலியாகக் கிடக்கவில்லை. ஆறு பெண்களை மட்டுமே பெற்ற கசாப்புக்காரர் பயூமி பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார்.

“சொல்லும் தஸூகி, அடிக்கணுமா வேணாமா?” என்று அவர் காபிக்கடையிலிருந்து கத்துவார்.

தஸூகி வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்வார். ஊதமாட்டார். ரேடியோவில் செய்தி முடியும்வரை கன்னம் உப்பியபடியே நிற்பார். சட்டை கருகும் வாசனை வரும். மக்ஸூத் எழுந்து வந்து இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைப்பார்.